அன்டனாவில் குந்திய பேய்

இரத்தோட்டையிலிருந்து ஏலமலைத் தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில் அந்த ஞாயிற்றுக்கிழமை நிற்கவும் இடமில்லை. கோயில் திருவிழாவா? இல்லை. தேர்தல் கூட்டமா? அதுவும் இல்லை. மேல் டிவிஷனில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ராசம்மா வீட்டு டீவிக்குள் பேய் புகுந்துவிட்டது. அதை அலைவரிசை சுவாமிகள் இன்று விரட்டப் போகிறார். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பேர். கண்டக்டரும் பஸ்ஸை அப்படியே நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்கலாமா என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

புளியமரத்திலும் சுடுகாட்டிலும் காலத்தைக் கழிக்கும் பழைய பேய் அல்ல இது. நாலு விஷயம் தெரிந்த பேய். செய்தி பார்க்கும், நாடகம் பார்க்கும், கிரிக்கெட்டும் பார்க்கும்.

ஆடிக் காற்று அடித்து ஓய்ந்ததும்தான் அது தலைகாட்டியது. செய்தி வாசிக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில், அவளையே உரித்து வைத்த மாதிரி, சாம்பல் நிறத்தில் இன்னொரு பெண். முதல் பெண் தலையாட்டினால் இரண்டாமவளும் தலையாட்டினாள். முதல் பெண் வணக்கம் சொன்னால் அவளும் சொன்னாள். கிரிக்கெட் போட்டால் மைதானம் நிறைய ஆட்கள். நம் அணியில் இரட்டிப்பு ஆள் நின்று பந்து பிடித்தும் தோற்றார்கள் என்பது வேறு கதை.

லயத்தில் எல்லா வீட்டிலும் அன்டனாதான். சில வீடுகளில் டிஷ் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் ரீசார்ஜ் காட் போட வசதியில்லாததால் அதைக் கழற்றி மிளகு காயப் போட்டிருக்கிறார்கள். ஆகவே எல்லா வீட்டிலும் இரட்டை முகம். ராசம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி சுந்தரம்மாதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஆத்தாடி, இது பேய்தான். சும்மாவா செத்தவங்க எல்லாம் சாம்பல் நெறத்துல வர்றாங்க?"

செத்தவர்கள் என்ன நிறத்தில் வருவார்கள் என்று சுந்தரம்மாவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. யாரும் கேட்கவில்லை.

வேறு காலமென்றால் என்ன செய்திருப்பார்கள்? ஒருவர் கூரையில் ஏறி அன்டனாவைப் பிடிப்பார். ஒருவர் வாசலில் நிற்பார். ஒருவர் டீவிக்கு முன்னால் குந்துவார். "வந்துருச்சா?" என்று கூரை கேட்கும். "இன்னும் கொஞ்சம்" என்று உள்ளே இருந்து குரல் வரும். "ஆ, வந்துருச்சு, விடு!" அவ்வளவுதான் விஷயம். அந்த லயத்துப் பிள்ளைகள் பேசப் பழகுவதே "வந்துருச்சு, விடு" என்றுதான். அப்படிப்பட்ட ஆட்கள் இந்த முறை ஒருவரும் கூரை ஏறவில்லை. ஏனென்றால் அதற்குள் சுவாமிகள் வந்துவிட்டார்.

சுவாமிகள் முன்பு ஊரூராக டிஷ் பூட்டித் திரிந்தவர். டிஷ் வியாபாரம் படுத்ததும் தாடி எழுந்தது. காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்ச மாலை, மாலையின் நடுவில் பதக்கம் மாதிரி ஒரு பழைய ரிமோட். கையில் அன்டனாக் கம்பியை வளைத்துச் செய்த சூலம். அவருக்கு ஒரு சீடர். பெயர் தர்சன். மீசை வைத்த பெரிய ஆள். சுவாமிகளின் ஞானத்தை விட அந்தச் சீடரின் தோள்பட்டைதான் தொழிலுக்கு முக்கியம். அது ஏனென்று பின்னால் தெரியும்.

"அன்பர்களே, அன்டனாவில் துஷ்ட ஆவி ஒன்று குந்தியிருக்கிறது" என்றார் சுவாமிகள். "எவரும் கூரை ஏறலாகாது. தொட்டவன் இரத்தம் கக்குவான்."

அவ்வளவுதான். வருடக்கணக்காகக் கூரையில் ஏறித் திருப்பியவர்கள் எல்லாரும் ஏணியைக் கண்டாலே நடுங்கினார்கள்.

பூசை இப்படி நடக்கும். கதவு, ஜன்னல் எல்லாம் அடைக்க வேண்டும். யாரும் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. பேய் கிளம்பும்போது பார்த்த கண் அவிந்துவிடும். சீடர் மட்டும் எலுமிச்சம்பழத்தோடு கூரை ஏறிப் பேய் போகும் பாதையைக் காப்பார். சுவாமிகள் டீவி முன் உட்கார்ந்து மந்திரம் முணுமுணுத்து மணி அடிப்பார். சில நேரம் ஒரு தட்டு, சில நேரம் இரண்டு தட்டு. கொஞ்ச நேரத்தில் இரட்டை முகம் நெருங்கி, ஒட்டி, ஒரே முகமாகிவிடும். சுவாமிகள் மணியை வேகமாக ஆட்டுவார். பூசை முடிந்தது. சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கூரையில் ஏறியவர் சும்மா எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டா இருந்தார் என்று ஒருவர், ஒரே ஒருவர், கேட்கவில்லை.

மூன்றாம் நாளே பேய் திரும்பி வரும். காரணம், சீடர் அன்டனாவைக் கம்பியால் இறுக்கிக் கட்டுவதில்லை. லேசான கயிற்றால் ஒரு சுற்று. அடுத்த காற்றுக்கு அது தானாகத் திரும்பிக்கொள்ளும், சுவாமிகளுக்கு மறுபடி அழைப்பு வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் பேய்க்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே! ஒரு வீட்டில் ஆட்டுக்கடாவைக் குற்றம் சொன்னார். கடா சுவாமிகளோடேயே போய்விட்டது. இன்னொரு வீட்டில் சேவல். அதுவும் போய்விட்டது. ராசம்மா வீட்டில் கடாவும் இல்லை, சேவலும் இல்லை. மருமகள் தினுஷா இருந்தாள்.

"படத்தில் எத்தனை பெண்?" என்று கேட்டார் சுவாமிகள்.

"ரெண்டுங்க சாமி."

"வீட்டில் எத்தனை பெண்?"

ராசம்மா தன்னையும் மருமகளையும் விரலில் எண்ணினாள். முகம் வெளிறியது. "ரெண்டுங்க சாமி!"

"ஒன்று போனால் ஒன்றாகும்."

ஆண் செய்தி வாசித்தபோது படத்தில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். வீட்டில் இருக்கும் ஆணோ ராசம்மாவின் மகன் வினோஜன் ஒருவன்தான். அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. பெண் என்றால்தான் நமக்குக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வரும்.

தினுஷா யட்டவத்தையிலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுடைய அம்மா யட்டவத்தைச் சந்தையில் மரக்கறி விற்கிறாள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் "பேய் பிடிச்சவ" என்ற பெயரோடு இவள் பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், இவள் வாழ்க்கையும் போச்சு, தங்கச்சி கல்யாணமும் போச்சு. ஒரு குழந்தையும் சொல்லும் இதை. சுவாமிகளுக்குத் தெரியாதா? தெரியும். சொல்லும்போதே பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

தினுஷாவுக்கு ஒரு விஷயம் தெரியும். முதல் பூசை நடந்தபோது அவள் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். மணி ஒரு தட்டுக்கு இடப் பக்கம், இரண்டு தட்டுக்கு வலப் பக்கம் என்று தர்சன் அன்டனாவைத் திருப்பியதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். கண் அவியவும் இல்லை. வினோஜன் சனிக்கிழமை தான் வேலை செய்யும் மாத்தளைக் கடையிலிருந்து வந்ததும் அவனிடம் சொன்னாள். உயர்தரம் வரை படித்தவன், கேட்பான் என்று நம்பினாள்.

அவன் தலையைச் சொறிந்தான். "ஒனக்குள்ள இருக்கிறதுதான் ஒன்ன இப்படிப் பேச வைக்கும்னு சாமி முன்னமே சொல்லிட்டாரு தினுஷா."

"எனக்குள்ள இருக்கிறது நான்தாங்க. வேற யாரு இருக்கா?"

"அதத்தான் நாளைக்குச் சாமி சொல்லப் போறாரு."

இந்த வாதத்துக்குப் பதில் எந்தக் கோர்ட்டிலும் கிடையாது. அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கையை மூடிக்கொள்ளவில்லை.

லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. இந்த வீட்டில் மிளகாய் வதக்கினால் அந்த வீட்டில் தும்முவார்கள். ராசம்மா வீட்டு அன்டனா வயரும் சுந்தரம்மா வீட்டு வயரும் அந்தச் சுவரின் உச்சி வழியாகத்தான் ஒன்றாக இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிரிகின்றன. ஞாயிறு காலை எல்லாரும் சுவாமிகளை அழைத்து வரக் கோயிலடிக்குப் போயிருந்தார்கள். சுந்தரம்மாவின் புருஷன் நல்லையா மட்டும் போகவில்லை. பெக்டரி மெசின் சத்தத்தில் பாதிக் காதைத் தொலைத்தவர். அதனால் கத்தித்தான் பேசுவார். டீவி ஒன்றுதான் அவருக்குத் துணை. தினுஷா அவரிடம் போனாள்.

"மாமா, ஒங்க வயர எங்க டீவிக்கும், எங்க வயர ஒங்க டீவிக்கும் மாத்திக் குத்தவா? இன்னைக்கு ஒங்களுக்குப் படம் நல்லா வரும்."

"வந்தா சரி தாயி!" என்று கத்தினார் நல்லையா. "ரெண்டு பொம்பளைய பாத்துப் பாத்து தலை சுத்துது. வீட்டுல ஒண்ணே போதும் எனக்கு!"

வயர்களைப் பிடுங்கினாள், சுவருக்கு மேலால் மாற்றிப் போட்டாள், டீவிகளில் குத்தினாள். இப்போது ராசம்மா வீட்டு அன்டனா நல்லையாவின் டீவிக்கு. நல்லையாவின் அன்டனா ராசம்மா வீட்டு டீவிக்கு. வேறொன்றும் செய்யவில்லை. பிறகு குளித்துவிட்டு வந்து, வாசலில் ராசம்மா கட்டி வைத்திருந்த தன் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மேளம் வந்தது. சுவாமிகள் வந்தார். சனம் வந்தது. அந்தச் சின்ன அறைக்குள் மூச்சு விடவும் முறை வைக்க வேண்டியிருந்தது. தர்சன் எலுமிச்சம்பழத்தோடு கூரை ஏறினான். டீவியில் வழக்கம் போல் இரண்டு பெண்கள் செய்தி வாசித்தார்கள்.

"இப்பெண் வாசற்படி தாண்டியதும் படம் ஒன்றாகும்" என்றார் சுவாமிகள். "ஒன்றானால், இவளே அந்த ஆவியின் வாகனம். திரும்ப அழைக்கலாகாது. பையோடு அனுப்பிவிடுங்கள். அவளை அவள் ஆவி ஒன்றும் செய்யாது. மற்றவர்கள் வெளியே பார்க்க வேண்டாம்."

வினோஜன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாலி கட்டிய கை இரண்டும் வேட்டிக்குள் ஒளிந்திருந்தன. எனக்கு அந்த ஆளைப் பார்க்கத்தான் அதிகம் கோபம் வருகிறது. சுவாமிகளாவது தொழில் செய்கிறார்.

தினுஷா பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டினாள். கதவு சாத்தப்பட்டது. சுவாமிகள் மணி அடித்தார். ஒரு தட்டு. படத்தில் இரண்டு பெண்கள். இரண்டு தட்டு. இரண்டு பெண்கள். மறுபடி ஒரு தட்டு. அந்த இரண்டு பெண்களும் அசையாமல் மரக்கறி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"தூரம் போதாது" என்றார் சுவாமிகள். கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினார். "பெண்ணே, பீலியடிக்குப் போ!"

தினுஷா பீலியடிக்குப் போனாள். மணி அடித்தது. படம் மாறவில்லை.

"கோயிலடிக்குப் போ!"

"சாமி, அடுத்தது பஸ்ஸுல ஏறச் சொல்லுவீங்களா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அவள் பீலியடியிலேயே நின்றுகொண்டாள். அங்கிருந்து கூரை நன்றாகத் தெரியும்.

சுவாமிகளின் நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்தது. மணியை அடித்தார், அடித்தார். மேலே தர்சன் இடம் திருப்பினான், வலம் திருப்பினான். அப்போதுதான் நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கூரையே அதிரும்படி ஒரு சத்தம்.

"ஆ! வருது, வருது! இன்னும் கொஞ்சம் வலப் பக்கம்!"

நல்லையா.

சுந்தரம்மா மூக்கில் விரல் வைத்தாள். "இந்த மனுசன் யாரோட பேசுறாரு?"

"அய்யோ, தாண்டிருச்சு! பின்னால எடு, பின்னால! ஆங்... ஆங்... வந்துருச்சு! விடு!"

இனி நடந்ததைக் கேளுங்கள். தர்சனும் ஒரு லயத்தில் பிறந்தவன்தான். "வந்துருச்சு, விடு" என்று காதில் விழுந்தால் அவன் கை தானாக நின்றுவிடும். சுவாமிகளின் மணியாவது மண்ணாவது. கையை எடுத்தான், கயிற்றைக் கட்டினான். பழக்கத்தில் மேலிருந்து பதிலும் கொடுத்துத் தொலைத்தான்.

"கட்டிட்டேன் அண்ணே! சரியா?"

"கண்ணாடி மாதிரி இருக்குடா!"

சுவாமிகள் வெறிபிடித்தவர் போல் மணியை ஆட்டினார். தர்சன் பயந்து மறுபடி அவிழ்த்துத் திருப்பினான்.

"அட நாசமாப் போறவனே!" என்று சுவர் கத்தியது. "நல்லா இருந்தத ஏன்டா தொட்ட?"

ராசம்மா எழுந்தாள். கண் அவிந்தால் அவியட்டும் என்று கதவைத் திறந்தாள். சனம் முழுவதும் வாசலில் வந்து விழுந்தது. கூரையில் தர்சன் அன்டனாக் கம்பைக் கட்டிப் பிடித்தபடி நின்றான். எலுமிச்சம்பழம் அவன் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

சுவாமிகள் லேசில் விடுகிறவரா? "ஆவி சுவரேறி அடுத்த வீட்டுக்குப் பாய்ந்துவிட்டது!" என்றார்.

நல்லையா தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார். "எங்க வீட்டுல இருந்ததுதான் இப்பப் போச்சே! இந்தப் பய மறுபடி தொட்டுக் கெடுத்துட்டான். பேய் ஒங்க பக்கந்தான் இருக்கு, நல்லாப் பாருங்க."

பூசை இந்த வீட்டில். பலன் அந்த வீட்டில். தட்சிணை கொடுக்காத வீட்டில்! சனத்துக்கு இதுதான் தாங்க முடியவில்லை.

தினுஷா பையைக் கீழே வைத்தாள். "காலையில ரெண்டு வீட்டு வயரையும் மாத்திக் குத்தினேன். சாமி எங்க டீவியில பேய ஓட்டுறாரு. அவரு ஆளு திருப்புறது எங்க அன்டனாவ. எங்க அன்டனா இப்ப நல்லையா மாமா டீவியில இருக்கு. பேய ஓட்டுனது மந்திரம்னா எங்க வீட்டுல போயிருக்கணும். ஏன் மாமா வீட்டுல போச்சு?"

சுந்தரம்மா மட்டும் யோசித்துச் சொன்னாள். "அப்ப சாமியோட சக்தி வயர் வழியாப் போகுது போல."

நம் சனத்தின் மூளையை நான் குறைத்து மதிப்பிடுவதே இல்லை. சுவாமிகளுக்கே தோன்றாத விளக்கம் அது.

"ஆமாம், வயர் வழி..." என்று சுவாமிகள் பற்றிக்கொண்டார்.

"சரி சாமி, அப்படியே இருக்கட்டும்" என்றாள் தினுஷா. "வயரத் தொடல. ஒங்க ஆள மட்டும் எறங்கச் சொல்லுங்க. சக்தி வயர்ல போகுதுன்னா, நீங்க மணியடிங்க. மாமா வீட்டுப் படம் ஒண்ணாகட்டும். நானே பையத் தூக்கிட்டுப் போறேன்."

தர்சன் இறங்கினான். சனம் பாதி நல்லையா வீட்டு டீவிக்கு முன்னால், பாதி சுவாமிகளுக்கு முன்னால். சுவாமிகள் மணி அடித்தார். ஒரு தட்டு. இரண்டு தட்டு. மந்திரம். சூலம். கடைசியில் கழுத்து ரிமோட்டையும் அமுக்கிப் பார்த்தார். கை வலிக்க அடித்துவிட்டு மணியைக் கீழே வைத்தார்.

"என்னாங்க" என்று தினுஷா புருஷனைக் கூப்பிட்டாள். "கூரை ஏறுங்க. நல்லையா மாமாவோட அன்டனாவத் திருப்புங்க. அதுதான் இப்ப நம்ம டீவியில இருக்கு."

வினோஜன் ஏணியைப் பார்த்தான். இரத்தம் கக்கும் பயம் முகத்தில் தெரிந்தது. "பேய் இருக்கிறது எனக்குள்ளன்னு சொன்னீங்களே, அப்ப கூரையில என்னா பயம்?" என்றாள் அவள். சனம் சிரித்தது. அவன் ஏறினான்.

தினுஷா வீட்டுக்குள் போய் டீவிக்குப் பக்கத்திலேயே, எல்லாருக்கும் தெரியும்படி நின்றாள். ராசம்மா டீவி முன்னால் குந்தினாள். மணி இல்லை, மந்திரம் இல்லை, சாம்பிராணி இல்லை.

"வந்துருச்சா?" என்று மேலிருந்து குரல்.

ராசம்மாவின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது. "இல்லடா. இன்னும் கொஞ்சம். இன்னும்... அய்யோ கூடிப்போச்சு. மெதுவா... மெதுவா... ஆ! வந்துருச்சு! விடு!"

படத்தில் ஒரே பெண். மருமகள் வீட்டுக்குள்ளேயே நிற்கிறாள். இரண்டு பெண்கள் உள்ள வீடு, ஒரு பெண் உள்ள படம்.

ராசம்மா அந்த ஒற்றை முகத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்ப அந்த ரெண்டாவது மூஞ்சி என்னாடி?"

"எனக்குத் தெரியாது அத்தே. திருப்புனாப் போகுது, அது மட்டுந்தான் தெரியும். தெரியாததுக்கெல்லாம் பேய்னு பேரு வைக்கணுமா?"

எதிர் மலையில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் பிந்தி வந்து சேர்வதால் விழும் இரண்டாவது படம் அது. இதைத் தெரிந்துகொள்ள விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை. தெரியாவிட்டாலும் குற்றமில்லை. தெரியாது என்று சொல்லும் நாணயம் இருந்தால் போதும். அது இருந்திருந்தால் அந்த லயத்தில் இன்னும் ஒரு ஆட்டுக்கடா உயிரோடு மேய்ந்துகொண்டிருக்கும்.

சுவாமிகள் ஓடப் பார்த்தார். ஓடி எங்கே போவது? பின்னேர பஸ் வரும் வரை தோட்டத்தை விட்டு இறங்க வழியில்லை. சனம் அடிக்கவில்லை. அதைவிட நல்ல காரியம் செய்தது. தர்சனைக் கூரையில் ஏற்றி, லயம் முழுக்க அன்டனாக்களைத் திருப்பிக் கம்பியால் இறுக்கிக் கட்ட வைத்தது. சுவாமிகளை வீடு வீடாக டீவி முன் குந்த வைத்தது. காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்டா, ஆ, வந்துருச்சு, விட்றா!" என்று அவர் தொண்டை வற்றக் கத்தினார். அந்த மந்திரம் எல்லா வீட்டிலும் பலித்தது.

பஸ் ஏறும்போது சுந்தரம்மா பின்னாலேயே ஓடினாள். "சாமி, பேய் விஷயம் பொய்யினே வச்சுக்குவோம். எங்க பிரிஜ்ஜு மட்டும் பாதிச் சாமத்துல முனகுது. அதுக்கு ஏதாச்சும் பரிகாரம் இருக்கா?"

வீட்டில் ராசம்மா தேத்தண்ணி ஊற்றி மருமகளுக்கு நீட்டினாள். "மொதல்லயே சொல்லியிருக்கலாமேடி, இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"சொன்னேன் அத்தே. ஒங்க மகன்கிட்ட வாயத் திறந்து சொன்னேன். பேய் பேசுதுன்னு சொன்னாரு."

வினோஜன் வாசலில் கிடந்த பையை எடுத்து உள்ளே வைக்கப் போனான். அவள் அவன் கையிலிருந்து அதை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"இங்கயே இருக்கட்டுங்க. அடுத்த சாமி வரும்போது என்னைய யாரும் அனுப்ப வேண்டியதில்ல. நானே தூக்கிக்கிட்டுப் போயிருவேன்."

அந்தப் பை இன்னும் அங்கேதான் இருக்கிறது. வினோஜன் வேலைக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போகிறான்.

வாசகரே, உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே சோதிடரிடம் ஓடாதீர்கள். முதலில் கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அதற்கு ஏணிகூடத் தேவையில்லை.